காது திறந்திருக்க வேண்டிய நேரம்

காலை நேர ரயிலில் ஏறிப் பாருங்கள். காதில் ஒன்றும் இல்லாத இளையரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளையோ கறுப்போ, மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கருவி இரு காதுகளிலும் உட்கார்ந்திருக்கிறது. முதலில் கம்பி போனது. இப்போது வெளி இரைச்சலும் போய்விட்டது. இரைச்சல் நீக்கும் கம்பியில்லா இயர்பட்ஸ், பள்ளிப்பையில் பேனாவைப் போல் சாதாரணப் பொருளாகிவிட்டது.

சில வாரங்களாக நானும் அப்படி ஒரு சோடியைப் பயன்படுத்தி வருகிறேன். இதைப் பற்றிப் பெரியவர்கள் பேசினால் எச்சரிக்கை மட்டுமே வருகிறது. விளம்பரங்கள் பேசினால் பெருமை மட்டுமே வருகிறது. அன்றாடம் பயன்படுத்தும் மாணவர்களுக்கு இரண்டுமே போதாது. கருவி எதைச் செய்கிறது, எதைச் செய்யாது, அதை எப்போது கழற்ற வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அது வேலை செய்யும் விதம். கருவியில் உள்ள நுண்ணிய ஒலிவாங்கி வெளியிலிருந்து வரும் ஒலியை வாங்குகிறது. உள்ளே இருக்கும் சில்லு, அந்த ஒலியலையைத் தலைகீழாகப் புரட்டி இன்னோர் அலையை உண்டாக்குகிறது. முதல் அலையின் முகடு வரும் இடத்தில் இரண்டாம் அலையின் அகடு வந்து நிற்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அடக்கிவிடுகின்றன. தொடக்கக் கல்லூரி இயற்பியலில் அலைகளின் மேற்பொருந்துதல் என்று படிப்பது இதைத்தான்.

இந்த எண்ணம் புதிதன்று. பால் லூயெக் என்ற ஜெர்மானியர் 1936ஆம் ஆண்டிலேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆனால், அதைக் கருவியாக்கும் மின்னணுவியல் அப்போது இல்லை. 1978ல் சூரிக்கிலிருந்து விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்த பேராசிரியர் அமர் போஸ், விமான இரைச்சலால் இசையை ரசிக்க முடியாமல், அந்தப் பயணத்திலேயே காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற ஒருவரின் மகன் அவர். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான இரைச்சல் நீக்கும் செவிக்கருவியை 1989ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று விமானி அறைக்குள் இருந்த பொருள் இன்று நம் சட்டைப்பையில் இருக்கிறது.

எல்லா ஒலியையும் இந்தக் கருவி அழிக்கும் என்று எதிர்பார்த்து வாங்குவோர் ஏமாறுவர். விநாடிக்கு 100 முறை அதிரும் ஒலியில் ஓர் அதிர்வு முடிய 10 மில்லிவிநாடி ஆகும். 1,000 முறை அதிரும் ஒலியில் அது 1 மில்லிவிநாடிதான். மெதுவான, சீரான அலைக்கு எதிரலை செய்வது எளிது. வேகமாக மாறும் அலைக்குச் சரியான கணத்தில் எதிரலை அனுப்புவது கடினம். அதனால்தான் குளிர்சாதனத்தின் உறுமலும் பேருந்து இயந்திரத்தின் முழக்கமும் மறைகின்றன. தம்பியின் அழுகையும் மேல்வீட்டில் சுவரைத் துளையிடும் சத்தமும் முழுதாக மறைவதில்லை. உயர்ந்த ஒலிகளைத் தடுப்பது பெரும்பாலும் காதை அடைக்கும் சிலிக்கான் முனைதான். பெட்டியில் மூன்று அளவு முனைகள் வருகின்றன. பொருந்தாத முனையைப் போட்டுக்கொண்டு, கருவி சரியில்லை என்று சொல்பவர்கள் பலர்.

கிழக்கு மேற்கு ரயில் பாதையில் செல்வோருக்கு ஓர் எளிய சோதனை உண்டு. காலாங் நிலையத்தைத் தாண்டி லவெண்டரை நோக்கிச் செல்லும்போது ரயில் சுரங்கத்துக்குள் இறங்குகிறது. அந்தக் கணத்தில் பெட்டிக்குள் இரைச்சல் கூடுகிறது. இரைச்சல் நீக்கும் வசதி இல்லாமல் கேட்டபோது, அங்கே என் விரல் தானாகவே ஒலியளவைக் கூட்டப் போனது. அளவுக்கோட்டில் முக்கால் பங்கு வைத்தால்தான் பேச்சு புரிந்தது. வசதியை இயக்கியபோது பாதியே போதுமானதாக இருந்தது. இந்தக் கருவியின் உண்மையான நன்மை இதுதான் என்பது என் கருத்து. வெளி இரைச்சலோடு போட்டி போட வேண்டியதில்லை என்பதால் காதுக்குள் குறைந்த ஒலியே போதும்.

அந்த நன்மையை நாமே கெடுத்துக்கொள்ளவும் முடியும். பழைய ஒலியளவை விடாமல் வைத்துக்கொண்டால் போயிற்று. சுகமாக இருக்கிறதே என்று இரண்டு மணி நேரத்தை ஆறு மணி நேரமாக்கினாலும் போயிற்று. காது கணக்கு வைப்பது ஒலியின் அளவை மட்டுமன்று, நேரத்தையும் சேர்த்துத்தான்.

அந்தக் கணக்கை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். சிறுவர்களுக்கு அது 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிறது. எனவே, கேட்கக்கூடிய நேரம் பாதியாகிறது. 83 டெசிபல் என்றால் 20 மணி நேரம். 86 என்றால் 10 மணி நேரம். 89 என்றால் 5 மணி நேரம். 92 என்றால் வாரம் முழுவதற்கும் இரண்டரை மணி நேரம்தான். நாளுக்கு இரண்டு மணி நேரம் கேட்பவருக்கு வாரத்துக்கு 14 மணி நேரம் ஆகிறது. அவர் 86 டெசிபலில் கேட்டால் ஐந்தாம் நாளிலேயே பங்கு முடிந்துவிடும். காதில் விழும் ஒலி எத்தனை டெசிபல் என்று காட்டும் வசதி இன்று பல கைப்பேசிகளில் இருக்கிறது. அதைத் திறந்து பார்ப்பவர்கள்தான் குறைவு.

இழந்தால் திரும்பி வராத பொருள் இது. நம் உட்காதில், நத்தைக்கூடு போல் சுருண்ட உறுப்புக்குள், ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் அணுக்கள் இருக்கின்றன. ஒலியை மூளைக்குப் புரியும் செய்தியாக மாற்றுபவை அவைதான். மிகையான ஒலியால் அவை செத்தால் மனித உடல் அவற்றை மீண்டும் வளர்ப்பதில்லை. வலி இருக்காது. கூட்டத்தில் ஒருவர் பேசுவது தெளிவில்லாமல் போகும். இரவில் எல்லாம் அடங்கிய பிறகும் காதுக்குள் ‘கீ’ என்று ஓர் ஒலி நிற்காமல் கேட்கும். பாதுகாப்பில்லாத முறையில் கேட்பதால் உலகில் 100 கோடிக்கும் அதிகமான இளையர்கள் இந்த அபாயத்தில் இருப்பதாக அதே நிறுவனம் சொல்கிறது.

அடுத்தது சாலை. சிங்கப்பூரின் பொதுப் பேருந்துகளில் பாதியை 2030ஆம் ஆண்டுக்குள் மின்சாரப் பேருந்துகளாக்குவது அரசாங்கத்தின் திட்டம். காற்றுக்கு அது நல்லது. ஆனால், மின்சார வாகனம் மெதுவாக ஊர்ந்து வரும்போது டீசல் வண்டியைப் போல் உறுமி அறிவிப்பதில்லை. ஓசை குறைந்த வண்டி ஒரு பக்கம், ஓசையை நீக்கும் கருவி மறுபக்கம், நடுவில் கைப்பேசியைப் பார்த்தபடி நடக்கும் மாணவர். பகிர்வுப் பாதையில் பின்னால் வரும் சைக்கிளின் மணியும் அப்படியே. வெளி ஒலியை உள்ளே விடும் வசதி பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது. பச்சை மனிதனுக்காகக் காத்திருக்கும் நேரத்திலேயே அதை மாற்றிவிடலாம். ஒரு காதையாவது கழற்றுவது அதைவிட எளிது.

உடலைப் பற்றிய இந்த எச்சரிக்கைகளைப் பிற மொழி இளையர்களுக்கும் சொல்லலாம். தமிழ் இளையர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டிய ஒன்று இன்னும் இருக்கிறது.

புத்தகம் படிக்காமல், காதால் கேட்டே கற்றவரைக் ‘கேள்விஞானம் உள்ளவர்’ என்று தமிழில் சொல்வோம். திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களுக்கு அடுத்து வரும் 42ஆம் அதிகாரத்துக்குக் ‘கேள்வி’ என்றே பெயர். நம் மொழியில் ‘கேள்’ என்றால் காதால் கேள் என்றும் பொருள், வினா எழுப்பு என்றும் பொருள். காதில் விழுந்தால்தானே வினா எழும்?

சிங்கப்பூரில் வளரும் தமிழ் மாணவர் ஒருவருக்குத் தமிழ் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பாட வேளை வாரத்துக்குச் சில மணி நேரம். மீதி எல்லாம் காதுவழி வருவது, அதுவும் பெரும்பாலும் நம்மை நோக்கிப் பேசப்படாதது. அம்மா சித்தியோடு தொலைபேசியில் பேசுவது. சமையலறையில் ஒலி 96.8 ஓடிக்கொண்டிருப்பது. தேக்கா சந்தையில் மீன்காரரிடம் பாட்டி பேரம் பேசுவது. ‘வதக்கு’, ‘தாளி’, ‘இறக்கி வை’ என்ற சொற்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை எந்த ஆசிரியர் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்? ‘சலித்துக்கொண்டாள்’ என்பதற்கும் ‘கோபித்துக்கொண்டாள்’ என்பதற்கும் உள்ள இடைவெளியை எந்தப் பயிற்சித்தாளில் படித்தோம்? யாரோ யாரிடமோ பேசியதை, வீட்டுப்பாடம் செய்தபடி அரைகுறையாகக் கேட்டுக் கேட்டுத்தான் அவை நமக்குள் வந்தன.

2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 5 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் ஆக அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்றனர். 2020ல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3லிருந்து 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. இதற்குக் காதில் மாட்டும் கருவியைக் குறை சொல்வது அபத்தம். வீட்டு மொழி மாறுவதற்குக் காரணங்கள் வேறு, அவை ஆழமானவை. ஆனால், வீட்டில் தமிழ் ஏற்கெனவே மெலிந்துவரும் காலத்தில், எஞ்சியிருக்கும் தமிழும் காதில் விழாதபடி நாமே கதவைச் சாத்துவது நல்லதா என்று கேட்கலாம். கேட்டல் கருத்தறிதல் தேர்வுக்காக ஒலிப்பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்கிறோம். அடுத்த அறையில் இலவசமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒலிப்பதிவை மட்டும் நீக்கிவிடுகிறோம்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. அது நியாயமானது. மூன்றறை வீட்டில் ஐந்து பேர் இருந்தால் படிக்கும் மாணவருக்கு அமைதி எங்கே கிடைக்கும்? தனியறை உள்ளவருக்குக் கதவு இருக்கிறது. இல்லாதவருக்கு இந்தக் கருவிதான் கதவு. ஒலி கூடினால் உடலும் மனமும் கலங்கிப்போகும் இயல்புள்ளவர்களுக்கு இது ஆடம்பரமன்று, தேவை. மேலும், ரயிலில் கைப்பேசியில் நாடகத்தை ஊருக்கே கேட்கும்படி வைப்பவர்கள் எல்லாரும் இளையர்கள் அல்லர். அந்த வகையில் காதுக்குள்ளேயே கேட்பவர் மற்றவர்களுக்கு மரியாதை செய்கிறார். ஆகவே, “எப்போது பார்த்தாலும் காதை அடைத்துக்கொண்டு” என்று பொத்தாம்பொதுவாகத் திட்டுவதால் பயனில்லை. இளையர்கள் அதையும் இரைச்சலோடு சேர்த்து நீக்கிவிடுவார்கள்.

என் யோசனை எளியது. படிக்கும் நேரத்துக்கு அமைதி வேண்டும், எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது பாட்டும் வேண்டாம், அமைதியை மட்டும் இயக்குங்கள். பாடல் வரிகள் ஓடும்போது கட்டுரை வரிகள் எனக்கு மனத்தில் நிற்பதில்லை, பலருக்கும் அப்படித்தான் இருக்கும். அமைதிக்கு டெசிபல் கணக்கும் கிடையாது. நீண்ட பயணத்துக்கும் அணியுங்கள், ஒலியளவைப் பாதிக்கு மேல் ஏற்றாமல்.

மூன்று இடங்களில் மட்டும் காது திறந்திருக்கட்டும். ஒன்று, சாலை. இரண்டு, சாப்பாட்டு மேசை. காதை அடைத்துக்கொண்டு மென்றால் நம் பல் அரைக்கும் சத்தம்தான் தலைக்குள் பெரிதாகக் கேட்கும். அதைவிட அப்பா சொல்லும் வேலையிடக் கதை மேலானது. மூன்று, யாராவது நம்மிடம் பேச வந்தால் இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வது. வெளி ஒலி கேட்கும் வசதியை இயக்கியிருக்கிறோம், கேட்கத்தான் செய்கிறது என்று நமக்குத் தெரியும். பேசுபவருக்குத் தெரியாது. மின்தூக்கியில் “ஸ்கூல் முடிஞ்சுதா தம்பி?” என்று கேட்கும் பக்கத்து வீட்டு அத்தை, காதில் அதைக் கண்டால் அடுத்த முறை கேட்கவே மாட்டார். நாலைந்து முறை அப்படி நடந்தால், நம்மோடு தமிழில் பேசும் மனிதர்களில் ஒருவர் குறைந்துவிடுவார்.

பெற்றோருக்கும் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கருவியைப் பிடுங்கி வைப்பதைவிட, 3 டெசிபலுக்கு நேரம் பாதியாகும் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். இயற்பியல் வகுப்பில் அலைகளைப் படிக்கும் நாளில், மாணவர்கள் அந்த வாரம் கேட்ட மணி நேரத்தையும் அளவையும் தங்கள் கைப்பேசியிலிருந்தே எடுத்துக் கணக்குப் போடட்டும். தன் காதின் கணக்கைத் தானே பார்த்தவருக்கு அறிவுரை தேவைப்படாது.

வீட்டில் பெரியவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. பிள்ளை காதைத் திறந்து வைக்கும் அந்த அரை மணி நேரத்தில், மதிப்பெண்ணைத் தவிர வேறு எதையாவது தமிழில் பேசுங்கள். கேட்கத் தகுந்த பேச்சு இருந்தால் காதுகள் தாமாகவே திறக்கும்.