ரூபாய் சரிந்தால் காபி விவசாயிக்கு லாபமா?

2025 டிசம்பரில் ஒரு டாலரின் விலை முதன்முறையாக 90 ரூபாயைத் தாண்டியது. ரூபாய் சரியும்போதெல்லாம், 'ஏற்றுமதியாளர்களுக்கு ஆதாயம்' என்ற ஆறுதல் வார்த்தை தவறாமல் சொல்லப்படுகிறது. ஏற்காட்டைச் சூழ்ந்த சேர்வராயன் மலையில் அராபிகா காபி பயிரிடும் சிறு விவசாயிக்கு இந்த ஆறுதல் எந்த அளவுக்குப் பொருந்தும்?

இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. அராபிகாவின் விலையை நியூயார்க் முன்பேரச் சந்தை டாலரில் தீர்மானிக்கிறது. உள்நாட்டு விலையும் அதையே பின்தொடர்கிறது. ஆகவே, ஏற்காட்டு விவசாயியின் வருமானம் டாலரில் காபியின் விலை, ரூபாயில் டாலரின் விலை ஆகிய இரு எண்களைச் சார்ந்திருக்கிறது. இரண்டுமே அவர் கையில் இல்லை.

இவற்றில் முதல் எண்ணின் ஆட்டமே பெரிது. 2025 பிப்ரவரியில் பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டிய அராபிகா விலை, ஜூலையில் 3 டாலருக்கும் கீழே இறங்கியது. அதாவது, சில மாதங்களில் கால் பங்குக்கும் மேலான வீழ்ச்சி. அந்த ஆண்டு முழுவதிலும் ரூபாய் இழந்த மதிப்போ சுமார் 5 சதவீதம்தான். மேலும், டாலர் உலகெங்கும் வலுப்பெறும் காலங்களில் பிரேசிலின் ரியாலும் சரிவது வழக்கம். அப்போது அந்நாட்டு விவசாயிகள் அதிகமாக விற்க முன்வருவதால், டாலரில் காபியின் விலை இறங்குகிறது. ரூபாய்ச் சரிவு ஒரு கையால் கொடுப்பதை உலகச் சந்தை மறு கையால் பறித்துக்கொள்கிறது.

செலவோ காத்திருப்பதில்லை. பொட்டாஷ் உரத்துக்கு இந்தியா ஏறக்குறைய முழுவதுமாக இறக்குமதியையே நம்பியிருக்கிறது. கச்சா எண்ணெயில் பெரும்பகுதியும் வெளியிலிருந்தே வருகிறது. உரமும் டீசலும் அறுவடைக்கு முன்பே வாங்கப்படுபவை. பழம் பறிப்பதோ நவம்பருக்குப் பிறகு. நட்டம் முன்னே வர, லாபம் பின்னே வருகிறது. சில ஆண்டுகளில் வராமலும் போகிறது.

அப்படியானால், ரிசர்வ் வங்கி ரூபாயை ஒரே மட்டத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டுமா? அதற்கும் விலை உண்டு. வங்கி டாலரை விற்கும்போது, அதற்கு ஈடான ரூபாய் புழக்கத்திலிருந்து வெளியேறுகிறது. அதை ஈடுசெய்யாவிட்டால் வட்டி உயரும். 2013 ஜூலையில் ரூபாயைக் காக்க, வங்கிகளுக்கான அவசரக் கடன் வட்டி ஒரேயடியாக 10.25 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அப்படியும் ஆகஸ்ட் இறுதியில் டாலர் 68 ரூபாயைக் கடந்தது. இத்தகைய வட்டி உயர்வின் சுமை, செலாவணிச் சந்தையையே அறியாத, கடன் வாங்கித் தொழில் செய்வோர் தலையிலும் விழுகிறது.

தங்குதடையற்ற மூலதன வரத்து, நிலையான செலாவணி விகிதம், சுதந்திரமான வட்டிக் கொள்கை ஆகிய மூன்றையும் எந்த நாடும் ஒருசேர அடைய முடியாது. 2025-இல் பணவீக்கம் தணிந்திருந்த நிலையில், ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.5 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதமாகக் குறைத்தது. டாலர்களை விற்றுச் சரிவின் வேகத்தை மட்டுப்படுத்தியதே தவிர, சரிவைத் தடுக்க முற்படவில்லை. 4 சதவீதப் பணவீக்கம் என்பதைச் சட்டப்படியான இலக்காகக் கொண்ட வங்கிக்கு இதுவே முறையான தேர்வு.

ஆனால், அந்தத் தேர்வின் இடர் சமமாகப் பங்கிடப்படவில்லை. பெரிய ஏற்றுமதி நிறுவனம் வங்கியில் முன்பேர ஒப்பந்தம் செய்துகொண்டு தன் செலாவணி விகிதத்தை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்கிறது. சில ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. முன்பு விளைச்சல் முழுவதையும் காபி வாரியமே பெற்றுத் தொகுத்து விற்றது. 1990-களில் படிப்படியாகத் தளர்த்தப்பட்ட அம்முறை 1996-இல் முற்றிலும் முடிவுக்கு வந்தது. விவசாயிக்கு விற்பனைச் சுதந்திரம் கிடைத்தது. அதனுடன் உலகச் சந்தையின் இடரும் அவர் தோள்மீது ஏறியது.

பழைய கட்டுப்பாட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் உறுப்பினர்களின் விளைச்சலைத் திரட்டி, விலைக்கும் செலாவணி விகிதத்துக்கும் கூட்டாகப் பாதுகாப்புப் பெற வங்கிகளும் காபி வாரியமும் வழிசெய்யலாம். ரூபாயை மிதக்கவிடுவது சரியான கொள்கைதான். மிதக்கும் ரூபாயோடு வாழ வேண்டியவருக்கு ஒரு பிடிமானம் தருவதும் அக்கொள்கையின் பகுதியாக வேண்டும்.