ஆறு கம்பி எண்ணலாம், வாங்க!

கம்பி எண்ணுறதுன்னா ஜெயில் ஞாபகம்தான் வரும். நாம எண்ணப்போறது ஆறே ஆறு கம்பி. கிடார் கம்பி!

ஆசை ஆசையா ஒரு அக்கூஸ்டிக் கிடார் வாங்கியாச்சு. 'இளைய நிலா' வாசிச்சு கிளாஸையே அசத்தணும்னு கனவும் கண்டாச்சு. (1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துப் பாட்டு அது. கிடார் வாசித்தவர் சந்திரசேகர்.) ரெண்டே வாரத்தில் விரல் நுனி கொப்பளிக்கும். கிடார் பீரோ மேல ஏறிடும். 'நமக்கு மியூஸிக் வராதுப்பா'ன்னு நம்ம மேலயே பழி போட்டுக்குவோம். பாஸ், பல நேரம் குற்றவாளி நீங்க இல்லை, கம்பிதான்!

மீன்சுருட்டி மாதிரி ஊர்ல இன்னொரு சிக்கல். கடைக்குப் போய் 'கம்பி' கேட்டா, கட்டுக்கம்பியை எடை போட்டுத் தருவாங்க. கிடார் கம்பிக்கு கும்பகோணத்துக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறணும், இல்லாட்டி கூரியருக்குக் காத்திருக்கணும். அதனால வாங்கும்போதே விவரமா வாங்கிடுவோம்.

நைலானா, ஸ்டீலா?

முதல்ல இதைப் பாருங்க. கிளாசிக்கல் கிடாருக்கு நைலான், மத்த அக்கூஸ்டிக் கிடாருக்கு ஸ்டீல். நைலான் கிடாரில் ஸ்டீல் கம்பியை மாட்டினால், அந்த இழுவையை அதன் பலகை தாங்காது. பிரிட்ஜ் பெயர்ந்து வந்துடும். கம்பிக் காசை மிச்சம் பிடிக்கப் போய் கிடாரே போயிடும்.

என்ன தடிமன்?

பாக்கெட் மேல 10, 11, 12-ன்னு ஒரு நம்பர் இருக்கும். மெல்லிய கம்பியின் தடிமன் அது, அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்குன்னு அர்த்தம். பிஸிக்ஸ் லேபில் சோனாமீட்டர் பண்ணினோமே, அதே கணக்குதான். நீளமும் ஸ்வரமும் மாறாம கம்பி மட்டும் தடிமனானால், இழுவிசை கூடும். 12-ம் நம்பர் செட்டில் ஆறு கம்பியும் சேர்ந்து இழுப்பது சுமார் 73 கிலோ. ஒரு ஆளே கிடாரில் தொங்குற மாதிரி! புதுசா கத்துக்கிறவங்களுக்கு 10 அல்லது 11 போதும். சத்தம் கொஞ்சம் குறையும், விரல் பிழைக்கும்.

என்ன உலோகம்?

'80/20' என்றால் 80 சதவிகிதம் செம்பு, 20 சதவிகிதம் துத்தநாகம். புதுசுல பளிச்னு ஒலிக்கும், சீக்கிரமே மங்கிடும். பாஸ்பர் பிரான்ஸ் என்பது செம்போடு தகரமும் துளி பாஸ்பரஸும் சேர்ந்தது. 1974-ல் டி'அடாரியோ கம்பெனி இதை கிடாருக்குக் கொண்டுவந்தது. கதகதப்பான ஒலி, உழைப்பும் அதிகம். எலிக்ஸிர் போன்ற கோட்டிங் கம்பிகள் இன்னும் நாள் தாங்கும், ஆனா பர்ஸ் தாங்கணுமே! ஒரு பக்கம் வீராணம் ஏரி, இன்னொரு பக்கம் கொள்ளிடம்னு ஈரக்காத்து அடிக்கிற நம்ம ஏரியாவுக்கு, ஸ்டூடண்ட் பட்ஜெட்டில் பாஸ்பர் பிரான்ஸ்தான் நியாயமான சாய்ஸ்.

எப்ப மாத்தணும்?

வியர்வை உப்பும் அழுக்கும் கம்பிச் சுற்றுக்குள்ள போய் உட்காரும். அங்கங்கே எடை கூடும். கம்பியை அப்படியே மீட்டினால் ட்யூனர் சரின்னு சொல்லும், கார்டு பிடிச்சா அபஸ்வரம் தட்டும். பாவம், 'என் காதுதான் சரியில்லை'ன்னு நினைச்சுக்குவோம். கம்பி கறுத்துப்போனாலோ, அடியில் தடவினால் பள்ளம் தட்டுப்பட்டாலோ மாத்திடுங்க.

கடைசியா சில டிப்ஸ்:

* சீல் உடையாத பாக்கெட்டா பாருங்க. பிரபல பிராண்ட் பாதி விலைக்குக் கிடைச்சா சந்தேகப்படுங்க.

* அடிக்கடி அறுவது ஒண்ணாம் நம்பர் கம்பிதான். உதிரியா ஒண்ணு கூடுதலா வாங்கி வெச்சுக்குங்க. ஒரு பஸ் டிக்கெட் மிச்சம்!

* வாசிச்சு முடிச்சதும் பழைய வேட்டித் துணியால் துடைங்க. தேங்காய் எண்ணெய் வைத்தியம் வேண்டாம், தூசிதான் ஒட்டும்.

* ஒத்துவர்ற பிராண்டும் நம்பரும் தெரிஞ்சதும் அந்தக் காலி உறையைப் பத்திரப்படுத்துங்க. யார் கும்பகோணம் போனாலும் அதைக் கையில் கொடுத்து விடலாம்.

நம்பகமான கம்பின்னா விலை உசந்த கம்பி இல்லீங்க. விரலை விரட்டாம, ஸ்வரத்தில் பொய் சொல்லாம, அறுந்தா மறுபடியும் நம்ம கைக்குக் கிடைக்கிற கம்பி. முதல்ல அதை மாத்திப் பாருங்க. மியூஸிக் வருமா வராதாங்கிற தீர்ப்பை அப்புறம் எழுதலாம்!