குட்டை மீனில் சேற்று வாடை: மேலே பால் சாஸ் ஊற்றலாமா?

கேள்வி: எங்கள் பண்ணைக் குட்டையில் பிடிக்கும் மீனைப் பிள்ளைகள் தொடுவதில்லை. சேறு வீசுகிறது என்கிறார்கள். திருவண்ணாமலை டவுனில் ஒரு ஓட்டலில் ஓவனில் சுட்டு, வெள்ளை சாஸ் ஊற்றிக் கொடுத்த மீனை மட்டும் தட்டு காலியாகச் சாப்பிட்டார்கள். அதை வீட்டில் செய்ய முடியுமா? பாலும் மீனும் சேர்ந்தால் உடம்பில் வெள்ளை விழும் என்று மாமியார் தடுக்கிறார்.
- செங்கம் வட்டத்து வாசகி

பதில்: செய்யலாம். ஓவன்கூட வேண்டாம். ஆனால் சாஸுக்கு முன்னால் அந்தச் சேற்று வாடையைப் பார்த்துவிட வேண்டும். வாடை உள்ள மீனைப் புளிக்குழம்பில் போட்டால் புளியும் மிளகாயும் ஓரளவு மறைத்துவிடும். பால் சாஸ் எதையும் மறைக்காது.

சேற்று வாடை சேற்றிலிருந்து மட்டும் வருவதாக நினைக்க வேண்டாம். குட்டைத் தண்ணீரில் பெருகும் நீலப்பச்சைப் பாசியும் சில மண் நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. முதல் மழை விழுந்ததும் எழும் மண்வாசனைக்கும் இதுதான் காரணம். நிலத்தில் மணமாக இருப்பது மீனில் நாற்றமாகிவிடுகிறது! செவுள் வழியாக உள்ளே போய்க் கொழுப்பில் தங்கிக்கொள்ளும். வயிற்றுப் பக்கச் சதை, தோல், விலாவை ஒட்டி ஓடும் கறுஞ்சிவப்புச் சதை ஆகிய இடங்களில்தான் அதிகம் இருக்கும். சாணத்தையும் தீவனத்தையும் அளவுக்கு மீறிக் கொட்டி, தண்ணீர் பச்சைப் பெயின்ட் போல ஆகிவிட்ட குட்டையில் வாடை இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நல்ல தண்ணீரில் விட்டால் இந்த வாடை மெல்ல வெளியேறும். பிடிப்பதற்கு முன்பே சாணம் போடுவதை நிறுத்திவிட வேண்டும். பிடித்த மீனை உயிரோடு சிமென்ட் தொட்டியில் விட்டு, தீவனம் போடாமல், கிணற்றுத் தண்ணீரை மாற்றி மாற்றிப் பாய்ச்ச வேண்டும். குறைந்தது 3 நாள். வாடை கடுமையாக இருந்தால் ஒரு வாரம். தொட்டியில் நெருக்கமாக அடைத்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். குழாய்த் தண்ணீர் உயரத்திலிருந்து விழும்படி வைத்தால் காற்று கலக்கும். குளோரின் கலந்த தண்ணீர் ஆகாது. அதே குட்டையில் வலைக்கூண்டு கட்டி மீனை வைப்பதால் பயன் இல்லை. தண்ணீர் அதே தண்ணீர்தானே.

வாடை போயிற்றா என்று பார்க்க, ஒரு மீனின் வால் பக்கத்துத் துண்டை உப்பு, மசாலா எதுவும் போடாமல் மூடி வேகவைத்து, சூட்டோடு முகர்ந்து பாருங்கள். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்துக் கெளுத்தி மீன் ஆலைகள் இப்படி மாதிரி மீனை வேகவைத்து முகர்ந்து, ருசி பார்த்த பிறகுதான் அந்தக் குளத்து மீனை வாங்குகின்றன. நம் ஊரில் அந்தச் சோதனையை வியாபாரி செய்வதில்லை. 'குட்டை மீன்தானே' என்று சொல்லி விலையைக் குறைத்துவிடுவார், அவ்வளவுதான். வீட்டுச் சாப்பாட்டுக்காகச் செய்யும் இந்த 3 நாள் வேலை விற்பனைக்கும் உதவும்.

பிடிக்கும் நாளையும் யோசித்து வையுங்கள். பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் ஊர் இது. அன்றும், கார்த்திகை தீபத்தின்போதும், புரட்டாசி முழுக்கவும் பல வீடுகளில் மீன் சட்டி அடுப்பேறாது. பௌர்ணமி முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கு வைத்துத் தொட்டியில் விட்டால், வாடையும் போகும், வாங்கவும் ஆள் இருக்கும்.

இனி எந்த மீன் என்பது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றிலும் சதைக்குள் ஒய் வடிவ முள் உண்டு. நெருக்கமாகக் கீறி எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தால் அந்த முள் நொறுங்கிவிடும். சாத்தனூர் அணைப் பக்கம் போகிறவர்கள் விரும்பிச் சாப்பிடுவதும் பொரித்த மீன்தான். சுட்டுச் சமைத்தால் அந்த முள் அப்படியே இருக்கும். வெள்ளை சாஸுக்குள் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே பிள்ளைகளுக்குச் செய்வதென்றால் ஜிலேபி கெண்டை அல்லது விரால் எடுங்கள். பெரிய கட்லாதான் இருக்கிறதென்றால் அதைப் பொரித்துக் கொடுப்பதே நல்லது.

அரைக் கிலோ மீனைத் தோல் உரித்து, வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஒரு அங்குலத்துக்கு மேல் கனம் இல்லாத துண்டுகளாகப் போடுங்கள். கல் உப்பும் எலுமிச்சைச் சாறும் பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள். மிச்சமிருக்கும் வாடையைப் புளிப்பு மட்டுப்படுத்தும். இங்கேதான் பலருக்கும் சாஸ் கெட்டுப்போகிறது. வாடையைக் குறைக்கும் அதே எலுமிச்சை பாலைத் திரித்துவிடும். எனவே கால் மணி கழித்து இரண்டு தண்ணீரில் நன்றாக அலசி, துணியால் ஈரம் ஒற்றி எடுத்துவிட வேண்டும். பிறகு மிளகுத்தூள், நசுக்கிய பூண்டு, கொஞ்சம் உப்பு தடவலாம். எலுமிச்சை வேண்டுமென்றால் சாப்பிடும்போது தட்டில் பிழிந்துகொள்ளட்டும்.

ஓவனுக்குப் பதில் அகலமான கனத்த இரும்புச் சட்டி போதும். அடியில் இரண்டு அங்குலம் சுத்தமான காய்ந்த மணல் அல்லது கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு பிரிமணை வைத்து, மூடி போட்டு, நடுத்தரத் தீயில் 10 நிமிடம் காயவிடுங்கள். வீட்டில் கேக் செய்கிறவர்களுக்கு இது தெரிந்த வேலை. குக்கரில் செய்வதானால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். மீனை எண்ணெய் தடவிய எவர்சில்வர் தட்டில் அடுக்கி உள்ளே வைத்து மூடுங்கள். 15 நிமிடத்தில் மீன் தண்ணீர் விட்டிருக்கும். அதை வடித்துக் கொட்டிவிடுங்கள். வடிக்காமல் சாஸை ஊற்றினால் கஞ்சித் தண்ணீர் மாதிரி ஓடும்.

மீன் வேகும் நேரத்தில் சாஸ் தயாராகிவிடும். 2 மேசைக்கரண்டி வெண்ணெயைச் சின்னத் தீயில் உருக்கி, 2 மேசைக்கரண்டி மைதாவைப் போட்டு, நிறம் மாறாமல் பச்சை வாசனை போகும்வரை வறுக்கவும். கால் லிட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தால் கட்டி தட்டாது. தோசை மாவுப் பதம் வந்ததும் உப்பு, மிளகு போட்டு இறக்குங்கள். நம் மாவட்டத்துக் கறவை வீடுகளில் பாலுக்கும் வெண்ணெய்க்கும் தனியாகச் செலவு ஏது? இதை மீன் மேல் ஊற்றி மறுபடி மூடி 10 நிமிடம் வைக்க வேண்டும். விறகு அடுப்பில் இரும்புச் சட்டி வைத்திருப்பவர்கள் மூடி மேல் கொஞ்சம் கங்கு போட்டால் ஓட்டலில் பார்த்த அந்தப் பொன்னிறம் மேலேயும் வரும். கனமான துண்டைக் கரண்டியால் அழுத்தினால் வெள்ளையாக இதழ் இதழாகப் பிரிய வேண்டும். நடுவில் கண்ணாடி போல இருந்தால் இன்னும் வேகவில்லை.

மாமியார் சொல்வது பழைய நம்பிக்கை. அவரைக் குறை சொல்ல வேண்டாம். தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் இதைச் சொல்வார்கள். ஆனால் வெண்புள்ளி வருவதற்குக் காரணம், தோலுக்கு நிறம் தரும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதுதான். மீனும் பாலும் சேர்ந்து அதை உண்டாக்குவதாக மருத்துவத்தில் சான்று இல்லை. அது தொற்றுவதும் இல்லை, குஷ்டமும் இல்லை. வங்காளிகள் தலைமுறை தலைமுறையாகத் தயிரில் மீன் சமைக்கிறார்கள். மீனோ பாலோ ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு, வாந்தி வருகிறவர்கள் மட்டும் அதை விலக்க வேண்டும்.

அப்படியும் அவர் மனம் ஒப்பவில்லையென்றால் தகராறு எதற்கு? தேங்காய்ப்பாலில் செய்துவிடலாம். கேரளத்து மீன் மொய்லி அப்படித்தான். கெட்டியான முதல் பால் ஒரு டம்ளர் எடுத்து, 2 தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்து, கொதிக்க விடாமல் சின்னத் தீயில் கிண்டினால் கெட்டியாகிவிடும். தளதளவென்று கொதித்தால் எண்ணெய் பிரிந்து நிற்கும். உண்மையில் மைதா சாஸைவிட இதுதான் சோற்றோடு சேர்கிறது.

பாலில் செய்தாலும் தேங்காய்ப்பாலில் செய்தாலும், புளிக்குழம்பைப் போல இதை மறுநாளுக்கு எடுத்து வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மதியம் செய்ததை மதியமே முடித்துவிட வேண்டும். பேருக்கு இரண்டு துண்டு வீதம் எண்ணிப் போட்டுச் செய்யுங்கள். மிச்ச மீன் தொட்டியில் உயிரோடு இருக்கட்டும்.