மணி திரும்ப ஓடுமா பாஸ்?

திரேஸ்புரத்துல இருந்து ஒரு லெட்டர். எழுதினவர் பி.காம். செகண்ட் இயர். பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால விட்டுடறேன். மீன் ஏத்த வந்த லோடு ஆட்டோ ரிவர்ஸ் எடுக்கும்போது அவங்க வீட்டு நாய் 'மணி' மேல ஏறிடுச்சாம். உசிர் தப்பிச்சிடுச்சு. ஆனா, இடுப்புக்குக் கீழ அசைவே இல்ல. முன்னங்கால் ரெண்டையும் ஊன்றி, பின்பக்கத்தைத் தரையில இழுத்துக்கிட்டே, இவர் காலேஜ் விட்டு வர்ற நேரத்துக்குக் கரெக்டா வாசலுக்கு வந்துடுதாம்.

'ஸ்டெம் செல் ஊசி போட்டா எழுந்து நடக்கும்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். அம்மா வளையலை அடகு வைக்க ரெடியா இருக்காங்க. வைக்கலாமா?' - இது முதல் கேள்வி. ரெண்டாவது கேள்வி, லெட்டரோட கடைசி வரியில பொடி எழுத்துல இருந்தது. அதுக்குக் கடைசியா வர்றேன்.

முதுகெலும்புக்குள்ள ஓடுற தண்டுவடம்தான் மூளைக்கும் காலுக்கும் நடுவுல தபால்காரர். அங்கே அடிபட்டா, அந்த நிமிஷத்துல நசுங்கின நரம்பிழைகள் மட்டும் போறதில்ல. அடுத்த சில மணி நேரம், சில நாள் வரைக்கும் வீக்கமும் ரத்த ஓட்டக் குறைவும் சேர்ந்து பக்கத்துல நல்லா இருந்ததையும் காலி பண்ணும். அப்புறம் அந்த இடத்துல தழும்பு வந்து வழியை அடைச்சிடும். கையில வெட்டுப்பட்ட நரம்பு மெதுவாவாவது வளரும். தண்டுவடத்துல அந்தப் பாச்சா பலிக்காது.

சரி, ஸ்டெம் செல் என்ன பண்ணும்? 'ஊசி போட்டா அது புது நரம்பா மாறிடும்'னுதான் பல பேர் நினைக்கிறாங்க. எலும்பு மஜ்ஜையில இருந்தோ கொழுப்புல இருந்தோ எடுக்கிற ஸ்டெம் செல்கள் பெரும்பாலும் அப்படி மாறுறதில்ல. வீக்கத்தைத் தணிக்கிற, மிச்சமிருக்கிற செல்லைக் காப்பாத்துற சில பொருட்களைச் சுரக்கும். அவ்வளவுதான். அதுவே பெரிய உதவிதான். ஆனா, அற்புதம் இல்ல.

இந்த விஷயத்துல உலகம் முழுக்கப் பேசப்பட்ட நாய், ஜாஸ்பர். குட்டைக் கால், நீள உடம்பு 'டாக்ஸ்ஹண்ட்' ஜாதி. இங்கிலாந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல ராபின் ஃபிராங்க்ளின் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வுல இவரும் ஒருத்தர். மொத்தம் 34 நாய். எல்லாமே வீட்டு நாய். ஆராய்ச்சிக்காக யாரும் அதுங்க முதுகை உடைக்கல. ஏற்கெனவே அடிபட்டு, காயம் பழசாகி, பின்னங்கால் போனவை. 23 நாய்க்கு அதுங்களோட மூக்கின் உள்பக்கத்துல இருந்தே செல் எடுத்து வளர்த்து, அடிபட்ட இடத்துல செலுத்தினாங்க. மிச்ச நாய்களுக்கு செல் இல்லாத வெறும் திரவம். எந்த நாய்க்கு எதுன்னு வளர்க்கிறவங்களுக்கும் தெரியாது, பரிசோதிச்சவங்களுக்கும் தெரியாது. அப்புறம் மாசாமாசம் டிரெட்மில்லுல நடக்கவிட்டுப் பார்த்தாங்க.

ஏன் மூக்கு? நம்ம உடம்புல வாழ்நாள் முழுக்கப் புதுசு புதுசா முளைச்சு மூளைக்குப் போய்ச் சேர்ற நரம்பு, வாசனை நரம்பு. அதுக்குக் கூடவே இருந்து வழிகாட்டுற துணைச் செல்களைத்தான் எடுத்தாங்க. சொல்லப்போனா இது ஸ்டெம் செல்லே கிடையாது. பேப்பர்காரங்க எல்லாத்தையும் ஒரே பையில போட்டுட்டாங்க!

ரிசல்ட்? செல் போட்ட நாய்கள்ல நிறைய, முன்னங்காலோட தாளத்துக்குப் பின்னங்காலையும் எடுத்து வெச்சுதுங்க. ஜாஸ்பர் நடக்கிற வீடியோவைப் பார்த்தா விசில் அடிக்கத் தோணும். ஆனா, இதையும் கவனிங்க. அடிபட்ட இடத்தைத் தாண்டி உள்ளூர் இணைப்புதான் உண்டாச்சு. மூளையில இருந்து கால் வரைக்கும் நீள லைன் திரும்பினதா உறுதியாகல. சிறுநீரை அடக்குற கட்டுப்பாடு மாதிரி விஷயங்கள் ஒரு சில நாய்க்குத்தான் கொஞ்சம் தேறுச்சு. இதை அந்த விஞ்ஞானிகளே சொன்னாங்க.

நம்ம நாட்டுலயும் வேலை நடந்திருக்கு. உத்தரப்பிரதேசம் பரேலி, இஸ்ஸத்நகர்ல இருக்கிற இந்திய கால்நடை ஆராய்ச்சி நிலையம், வேற நாயோட எலும்பு மஜ்ஜையில இருந்து வளர்த்த ஸ்டெம் செல்லை, தண்டுவடம் அடிபட்ட நாய்களுக்குச் செலுத்திப் பார்த்த ஆய்வை 2019-ல் வெளியிட்டிருக்கு. பலன் தெரிஞ்சதாச் சொல்லுது. ஜப்பான் 2021-ல், டிஸ்க் பிதுங்கின நாய்களுக்கான ஒரு ஸ்டெம் செல் மருந்துக்கு நிபந்தனையோட அனுமதி கொடுத்துச்சு. டிஸ்க் பிதுங்குறது வேற, வண்டி ஏறி எலும்பு நொறுங்குறது வேற. மணி ரெண்டாவது கேஸ்.

இப்போ, வளையலை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். டாக்டர் மணியோட பின்னங்கால் விரலை இறுக்கி அழுத்துவார். கால் வெடுக்குனு உள்ளே இழுக்கும். உடனே 'உணர்ச்சி இருக்கு'ன்னு துள்ளாதீங்க! அது தண்டுவடம் தானா பண்ற அனிச்சைச் செயல். மூளைக்கு விஷயமே தெரியாது. மணி திரும்பிப் பார்க்குதா, கத்துதா, கடிக்க வருதா? அதுதான் கணக்கு. ஆழமான வலி தெரிஞ்சா, நல்ல சிகிச்சையோட நடக்க நிறைய வாய்ப்பு. டிஸ்க் கேஸ்ல, வலி தெரியாத நாய்லகூட ஏறக்குறைய பாதி, ஆபரேஷனுக்கு அப்புறம் தேறும். எலும்பு நொறுங்கி வலியும் தெரியலைன்னா நம்பிக்கை ரொம்பக் கம்மி.

'நாங்க ஊசி போட்ட நாயெல்லாம் நடந்துச்சு சார்'னு யாராவது சொன்னா, 'அதுல எத்தனை நாய்க்கு வலி தெரிஞ்சுது? ஊசி போடாத நாய் எத்தனை நடந்துச்சு?'ன்னு கேளுங்க. முதல் வகை நாய் ஊசி இல்லாமலே நடந்திருக்கலாம். வலி தெரியாத சில நாய்கூட மாசக்கணக்குல பயிற்சி கொடுத்தா, மூளை உதவி இல்லாமலே தள்ளாடி நடக்கும். அந்த க்ரெடிட்டையும் ஊசி எடுத்துக்கும். கேம்பிரிட்ஜ்ல வெறும் திரவம் போட்ட நாய்கள் எதுக்குன்னு இப்போ புரியுதா?

அதனால, வளையல் வீட்டுலயே இருக்கட்டும். திருநெல்வேலி ராமையன்பட்டியில அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. பலகையில படுக்கவெச்சு, அசையாம துணியால கட்டிக் கொண்டுபோங்க. எக்ஸ்ரே எடுத்து, ஆபரேஷனுக்கு வழி இருக்கான்னு அவங்க சொல்லட்டும். மனுஷங்க போடற வலி மாத்திரையைக் கொடுத்துடாதீங்க. சிலது நாயைக் கொன்னுடும்.

மணி நடக்கலைன்னாலும் வாழலாம். தானா சிறுநீர் போகாது. ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை அடிவயித்தை அமுக்கி எடுத்துவிடணும். டாக்டர்கிட்ட கையோட கத்துக்கிட்டு வாங்க. இதை விட்டா கிட்னி வரைக்கும் இன்ஃபெக்‌ஷன் போகும். மெத்தையா விரிச்சு, புரட்டிப் போடணும். பழைய லுங்கியை வயித்துக்குக் கீழ கொடுத்துத் தூக்கிப் பிடிச்சு நடக்க வைக்கலாம். பி.வி.சி. பைப்பும் ரெண்டு சின்ன சக்கரமும் இருந்தா வண்டியே செஞ்சுடலாம். படகுக்கு எஞ்சின் மாட்டுற ஊர்ல இதெல்லாம் ஜுஜுபி!

இனி, அந்தக் கடைசி வரி. 'மணிக்குச் சரியானா, சங்கு குளிக்கப் போய்க் கால் விளங்காமப் போன எங்க மாமாவுக்கும் இதே ஊசி போடலாமா?'

மன்னார் வளைகுடாவுல கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். அந்தக் காலத்துல கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி இறங்கினாங்க. இப்போ சங்குக்கு கம்ப்ரசர் டியூப்ல மூச்சுவிட்டு ரொம்ப நேரம் அடியில இருக்காங்க. அழுத்தத்துல ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன், சட்டுனு மேல வந்தா சோடா பாட்டில் திறந்த மாதிரி குமிழியாகும். அந்தக் குமிழிங்களுக்கு வசதியான இடம் தண்டுவடம்.

மனுஷங்கள்ல, கத்திக்குத்துல தண்டுவடம் அறுந்த போலந்துக்காரர் டாரெக் ஃபிடிகா, மூக்குப் பாதையோட செல்லும் கணுக்கால் நரம்புத் துண்டும் வெச்சு, வருஷக்கணக்குப் பயிற்சியோட, தாங்கு சட்டம் பிடிச்சு நடந்ததா 2014-ல் செய்தி வந்துச்சு. ஒரே ஒருத்தர். நம்ம ஊர்ல ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதல், தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல்லை அங்கீகரிச்ச சிகிச்சையாச் சேர்க்கல. ஆராய்ச்சியில சேர்க்கிறவங்க நோயாளிகிட்ட காசு கேட்கக் கூடாது. கேட்டா, எழுந்து வந்துடுங்க.

மாமாவுக்கு இன்னிக்குக் கொடுக்க முடிஞ்சது ஃபிசியோதெரபி, படுக்கைப்புண் வராத கவனிப்பு, நல்ல வீல்சேர். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல அடையாள அட்டையும் உதவித்தொகையும் கேட்டுப் பாருங்க. வீட்டுல வேற யாராவது இன்னும் இறங்குறாங்கன்னா, இதை அவங்களுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க: மேல வந்ததும் கால் மரத்தா, மூட்டு குடைஞ்சா, 'மறுபடி உள்ளே இறங்கினா சரியாயிடும்'னு இறங்காதீங்க. படுக்கவெச்சு, ஆக்ஸிஜன் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரி. அழுத்த அறையில வைக்கிற சிகிச்சைக்கு, முதல் சில மணி நேரம்தான் பொன்னான நேரம்.