ஏலக்காய்க்கு இல்லாத எல்லை தொழிலாளிக்கு மட்டும் ஏன்?

இடுக்கி மலையில் விளையும் ஏலக்காய்க்கு மாநில எல்லை தடையாக இல்லை. நறுமணப் பொருட்கள் வாரியத்தின் கீழ் கேரளத்தின் புத்தடியிலும் தமிழ்நாட்டின் போடிநாயக்கனூரிலும் மின்னணு ஏலம் நடக்கிறது. இரு மாநில வணிகர்களும் பங்கேற்கின்றனர். சந்தைக்குத் தேவைப்பட்டதும் நிறுவன ஒத்துழைப்பு சாத்தியமாகிவிட்டது.

ஆராய்ச்சிக்கும் குறைவில்லை. மைலாடும்பாறையில் வாரியத்தின் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையமும் இயங்குகின்றன. ஆயினும், விளைச்சலைப் பெருமளவு உயர்த்திய ‘ஞள்ளானி’ ரகம் ஆய்வகத்தில் பிறந்ததல்ல. கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்துச் செடிகளை ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கித் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது அது. மண்ணில் உழைப்பவரிடமே அறிவும் பிறக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அந்த அறிவை விளைச்சலாக்குபவர்கள் யார்? தேனி மாவட்டத்தின் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறும் தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரே செடியில் முதிர்ந்த காயை மட்டும் கண்டறிந்து பறிப்பதும் தேர்ந்த திறனே. மாலையில் அவர்கள் ஊர் திரும்பும்போது, விபத்துக்கும் பூச்சிக்கொல்லி நச்சுக்கும் பொறுப்பேற்பவர் எவருமில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 5 ஹெக்டேர் வரம்பு வைத்தது. அதற்கு மாற்றாக வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அவ்வரம்பைக் கைவிடவில்லை. சிறு தோட்டங்களே மிகுந்த மலையில் இதன் பொருள் வெளிப்படை.

இரு மாநிலங்கள் ஒன்றாக அமர முடியாது என்ற வாதம் செல்லாது. வடக்கே பாலக்காடு எல்லையில் பரம்பிக்குளம்–ஆழியாறு நீருக்கு 1970இல் ஒப்பந்தம் செய்தனர். கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியமும் அமைத்தனர். பிணக்குகள் ஓயவில்லை, ஆனால் பேசுவதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது. நீருக்கு முடிந்தது உழைப்புக்கு ஏன் முடியாது?

எல்லை கடக்கும் தோட்டத் தொழிலாளருக்கு இரு மாநிலக் கூட்டு நல வாரியம் வேண்டும். பெயர்ப் பதிவு, கூலிச் சீட்டு, பாதுகாப்பான பயணம், விபத்துக் காப்பீடு, மகப்பேறு உதவி ஆகியவை அதன் பொறுப்பாக வேண்டும். ஏலத்தில் விற்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு இருக்கிறது. வாங்கும் வணிகரிடம் சிறு தொகை வசூலித்தாலே நிதி திரளும். விலை வீழ்ச்சியில் தவிக்கும் சிறு விவசாயியின் மீது சுமை ஏற்றத் தேவையில்லை.

சிறு விவசாயியையும் கூலித் தொழிலாளியையும் மலையாளி, தமிழர் எனப் பிரித்து மோதவிடுவது யாருக்கு ஆதாயம் என்பதை இயக்கம் நன்கறியும். தேனியிலும் இடுக்கியிலும் சங்கங்கள் தனித்தனியே எழுப்பும் குரல் ஒரே கோரிக்கைப் பட்டியலாக வேண்டும். அதற்கான முதல் கூட்டு மாநாட்டை எல்லையிலேயே கூட்டுவோம்!