விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு... யானைக்கவுனி வீட்டு கம்ப்யூட்டருக்கு இனி யார் காவல்?

2025 அக்டோபர் 14. தீபாவளிக்கு ஆறே நாள். சௌகார்பேட்டையில கால் வைக்க இடமில்லாத அந்த வாரத்துலதான், விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த இலவச பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்துச்சு. யானைக்கவுனியில எத்தனை பேர் இதைக் கவனிச்சிருப்பாங்க? மறுநாள் காலையில கம்ப்யூட்டர் வழக்கம்போல ஆன் ஆச்சு. டேலி ஓடுச்சு, பில் பிரின்ட் ஆச்சு. தீபாவளி அன்னிக்கு சோப்டா பூஜையில கணக்குப் புத்தகத்தோட லேப்டாப்பையும் வெச்சுக் கும்பிட்டாச்சு. எதுவுமே மாறாத மாதிரி தெரியறதுதான் இதுல இருக்கற ஆபத்து.

இந்தப் பக்கத்து வீடுகளோட அமைப்பையும் யோசிக்கணும். கீழே கடை இல்லைன்னா குடோன், மேலே வீடு. 'வீட்டு கம்ப்யூட்டர்', 'கடை கம்ப்யூட்டர்'னு ரெண்டு கிடையாது. பகல்ல ஜிஎஸ்டி, இ-வே பில். சாயந்திரம் பசங்களோட ஹோம்வொர்க், அப்புறம் கேம். ராத்திரி நெட் பேங்கிங். டெஸ்க்டாப்ல 'ஆதார் ஸ்கேன்', 'பான் கார்டு', 'வீட்டுப் பத்திரம்'னு ஃபைல்கள் வரிசையா நிக்கும். 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தது. 2018 ஏப்ரல்ல இ-வே பில் கட்டாயம் ஆச்சு. அந்த அவசரத்துல வாங்கின கம்ப்யூட்டர்தான் நிறைய கடைகள்ல இன்னும் ஓடிட்டிருக்கு. விண்டோஸ் 11-க்கோ 'டிபிஎம் 2.0' சிப் வேணும். இன்டெல்னா எட்டாவது தலைமுறை பிராசஸராவது வேணும். அந்தக் காலத்துல வாங்கின பல மெஷின்கள் ஒரு தலைமுறை வித்தியாசத்துல வெளியே நிக்குது. மெஷின் நல்லாதான் இருக்கு. ஆனா, தகுதி இல்லைன்னு சொல்லிட்டாங்க.

சப்போர்ட் இல்லைன்னா என்ன ஆகும்?

2017 மே 12-ல் உலகம் முழுக்கப் பரவின 'வான்னாக்ரை' வைரஸ் ஞாபகம் இருக்கா? ஃபைல்களைப் பூட்டிட்டு, திறக்கப் பணம் கேட்ட ரான்சம்வேர். நம்ம சென்னைக்குப் பக்கத்துல ஒரகடத்துல இருக்கற ரெனோ-நிசான் கார் தொழிற்சாலை வரைக்கும் பாதிப்பு இருந்தது. கேரளாவுல பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்கள்கூட மாட்டுச்சு. அந்த ஓட்டையை அடைக்கற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, மார்ச் 14-லேயே கொடுத்திருந்தது. போட்டவங்க கம்ப்யூட்டர் தப்பிச்சது, 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு தள்ளிப்போட்டவங்க மாட்டினாங்க.

இப்போ விண்டோஸ் 10 வெச்சிருக்கறவங்க நிலைமை அதைவிட மோசம். விண்டோஸ் 11-க்கு ஒவ்வொரு மாசமும் அப்டேட் வரும்போது, எந்த இடத்துல ஓட்டை இருந்ததுன்னு அந்த அப்டேட்டை வெச்சே திருடர்கள் கண்டுபிடிச்சிடுவாங்க. ரெண்டு விண்டோஸுக்கும் அடித்தளத்துல பெரும்பகுதி ஒண்ணுதான். அதே ஓட்டை 10-லயும் இருந்தா, அங்கே அடைக்க ஆள் இல்லை. டிஃபெண்டர் ஆன்டிவைரஸுக்கு 2028 அக்டோபர் வரைக்கும் புது வைரஸ் பட்டியல் வரும்னு சொல்லியிருக்காங்க. அது தெரிஞ்ச திருடனோட போட்டோவை வாட்ச்மேன்கிட்ட கொடுக்கற மாதிரி. உடைஞ்ச ஜன்னலை அது சரிபண்ணாது.

சரி, என்ன வழி? முதல் வழி, 'இஎஸ்யூ'ங்கற கூடுதல் பாதுகாப்புத் திட்டம். செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துல 'என்ரோல்' பட்டன் இருக்கும். 2026 அக்டோபர் 13 வரைக்கும் அப்டேட் வரும். 30 டாலர் கட்டலாம். இல்லைன்னா மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாக்-இன் பண்ணி, செட்டிங்ஸை அவங்க சர்வர்ல பேக்கப் பண்ண சம்மதிச்சா இலவசம். அதாவது, பணத்துக்குப் பதிலா உங்க தகவல்ல கொஞ்சம். எனக்கு இந்த பேரம் பிடிக்கலைதான். ஆனா, இன்னிக்கே புது கம்ப்யூட்டர் வாங்க முடியாத வீட்டுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. முதல்ல இதைப் பண்ணிட்டு மிச்சத்தைப் படிங்க.

ரெண்டாவது வழி, லினக்ஸ். நமக்கு இது புதுசும் இல்லை. 2011-ல தமிழக அரசு கொடுக்க ஆரம்பிச்ச இலவச லேப்டாப்கள்ல விண்டோஸோட கூடவே 'பாஸ் லினக்ஸ்'னு ஒண்ணு இருந்துச்சே, அது சென்னையில சி-டாக் உருவாக்கினது. பெரும்பாலான வீடுகள்ல அந்தப் பக்கமே யாரும் போகலைங்கறது வேற விஷயம். பழைய மெஷினை லினக்ஸுக்கு மாத்திப் பசங்களுக்கும் பிரவுசிங்குக்கும் விட்டுடலாம். கணக்கு மெஷினை மட்டும் மாத்தாதீங்க, டேலிக்கு விண்டோஸ் வேணும்.

மூணாவதா ஒரு வழியை சர்வீஸ் தம்பி சொல்வார். "அண்ணே, கிராக் போட்டு 11 ஏத்தித் தர்றேன்." வேணாம். கிராக் பண்ற 'ஆக்டிவேட்டர்' ஓடறதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்லும். எந்தத் திருடனாவது வாசல்ல நின்னு "முதல்ல வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்புங்க"ன்னு கேட்டா, உள்ளே விடுவோமா?

மதில் இருக்கு, கதவு?

இந்த ஊருக்கே ஒரு பாதுகாப்புக் கதை உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகை, ஹைதர் அலி படையெடுப்புன்னு பயந்துபோன கிழக்கிந்திய கம்பெனி, 18-ஆம் நூற்றாண்டுல அப்போதைய கருப்பர் நகரத்தைச் சுத்தி மதில் கட்டுச்சு. அதுல இருந்த வாசல்கள்ல ஒண்ணுதான் யானைக்கவுனி. மதில் செலவுக்கு மக்கள்கிட்ட வரி போட நினைச்சதாலதான் அந்த ஓரத்துல இருக்கற ரோட்டுக்கு 'வால்டாக்ஸ்'னு பேரு. வரி கடைசிவரைக்கும் வசூலாகலைன்னு சொல்வாங்க. மதிலோட ஒரு துண்டு இன்னிக்கும் ராயபுரம் பக்கம் மாடிப் பூங்காவா நிக்குது.

ஆன்டிவைரஸுக்கு வருஷா வருஷம் பணம் கட்டறதை நினைச்சா எனக்கு அந்த மதில் வரிதான் ஞாபகம் வரும். வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸ்லயே இருக்கற டிஃபெண்டர் போதும். ஏன்னா, இன்னிக்குத் திருடன் மதில் ஏறி வர்றதைவிட, நாமளே திறந்துவிட்ட கதவு வழியா வர்றதுதான் அதிகம்.

பெரிய கதவு எது தெரியுமா? வீட்டுல எல்லாரும் ஒரே அக்கவுன்ட்ல, அதுவும் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' அதிகாரத்தோட உட்கார்றது. பையன் ஒரு கிராக் கேமை டவுன்லோட் பண்றான். அதுக்குள்ள இருக்கற திருட்டு மென்பொருள், பிரவுசர்ல சேமிச்ச பாஸ்வேர்டுகளையும், லாக்-இன் ஆகியிருக்கறதுக்கு அடையாளமான 'குக்கீ'களையும் அள்ளிட்டுப் போயிடும். குக்கீ கையில இருந்தா பல தளங்கள்ல ஓடிபிகூடக் கேட்காது. கேம் ஆடினது பையன், போனது அப்பாவோட மெயில்.

2019-ல கூடங்குளத்துல என்ன நடந்ததுன்னு பாருங்க. நிர்வாக வேலைக்குப் பயன்படுத்தின, இன்டர்நெட் இணைப்பு இருந்த ஒரு கம்ப்யூட்டர்ல மால்வேர் இருந்தது. முதல் நாள் மறுத்துட்டு, அக்டோபர் 30-ம் தேதி அணுமின் கழகமே அதை ஒப்புக்கிட்டது. உலையை இயக்கற நெட்வொர்க் அதுலேர்ந்து தனியா இருக்கு, அதுக்கு பாதிப்பு இல்லைன்னு விளக்கம் கொடுத்தாங்க. மறுத்த விதத்தை விமர்சிக்கலாம். ஆனா, 'தனியா இருக்கு'ங்கற அந்த ஏற்பாட்டை நம்ம வீட்டுக்கும் எடுத்துக்கலாம். செட்டிங்ஸ்ல அக்கவுன்ட்ஸ், அதுல அதர் யூசர்ஸ். கணக்குக்கு ஒண்ணு, பசங்களுக்கு ஒண்ணுன்னு ரெண்டு 'ஸ்டாண்டர்டு' அக்கவுன்ட் போடுங்க. அட்மின் அக்கவுன்ட்டைத் தனியா வெச்சு, புது சாஃப்ட்வேர் ஏத்தும்போது மட்டும் அதோட பாஸ்வேர்டை அடிங்க. பத்து நிமிஷ வேலை. நான் சொல்றதுல ஒண்ணே ஒண்ணுதான் செய்வேன்னு நீங்க அடம்பிடிச்சா, அது இதுவா இருக்கட்டும்.

அப்படியே ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'ங்கறதையும் டிக் பண்ணிடுங்க. மெயில்ல 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்'னு வந்த ஃபைலோட முழுப் பேரு 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ'ன்னு அப்போதான் கண்ணுக்குத் தெரியும். பில் ஃபைல்லேயே பொழப்பு நடத்தற ஏரியாவுக்கு இது ரொம்ப முக்கியம்.

மின்வெட்டு காப்பாத்தின கதை

துறைமுகத்தை நம்பி வாழற ஊர்ங்கறதால இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும். 2017 ஜூன் 27. உக்ரைன்ல வியாபாரிகள் வரிக்கணக்குக்குப் பயன்படுத்தின ஒரு சாஃப்ட்வேரோட அப்டேட்டுக்குள்ள வைரஸை ஒளிச்சு வெச்சு அனுப்பினாங்க. 'நாட்பெட்யா'ன்னு பேரு. அது டென்மார்க்கோட கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்குக்குள்ள புகுந்து, மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்துல அவங்க குழுமம் நடத்தின கன்டெய்னர் முனையத்தையும் நிறுத்துச்சு. எங்கேயோ ஒரு நாட்டுல போட்ட கணக்கு சாஃப்ட்வேர் அப்டேட், நவசேவாவுல லாரிகளைக் காத்திருக்க வெச்சது.

மெர்ஸ்க் எப்படி மீண்டது? அவங்களோட ஒட்டுமொத்த நெட்வொர்க்குக்கும் வரைபடம் மாதிரியான முக்கிய சர்வர்கள் உலகம் முழுக்க இருந்தன. ஒண்ணையொண்ணு தானா நகலெடுத்துக்கும், அதனால பேக்கப் கவலையே இல்லைன்னு நினைச்சிருந்தாங்க. எல்லாம் ஒரே நேரத்துல அழிஞ்சது. ஒண்ணு மட்டும் தப்பிச்சது, ஆப்பிரிக்காவுல கானாவுல. காரணம், வைரஸ் பரவின நேரத்துல அங்கே கரன்ட் இல்லை! அந்த ஒரு நகலை வெச்சுத்தான் மொத்தத்தையும் திரும்பக் கட்டினாங்க. 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர்களைப் பத்து நாள்ல புதுசா ஏத்தினோம்னு அதோட தலைவர் பின்னாடி சொன்னார்.

இப்போ உங்க வீட்டுக்கு வாங்க. டேலி பேக்கப் அதே கம்ப்யூட்டரோட டி டிரைவ்ல இருந்தா, அது பேக்கப் இல்லை. எப்பவும் சொருகியே இருக்கற ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான், ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். வாரம் ஒருநாள் சொருகி, காப்பி பண்ணி, கழட்டி பீரோவுல வைங்க. ரெண்டு டிஸ்க் இருந்து மாத்தி மாத்திப் பண்ணினா இன்னும் நல்லது. தெருவோரத்துல '2 டிபி பென்டிரைவ் 500 ரூபாய்'னு கிடைக்கறதை மட்டும் இதுக்கு வாங்கிடாதீங்க. உள்ளே இருக்கறது சில ஜிபிதான், மீதியை ஏத்தின மாதிரி காட்டிட்டு விழுங்கிடும். மாசம் ஒருமுறை பேக்கப்லேர்ந்து ஒரு ஃபைலைத் திறந்தும் பாருங்க.

மிச்சம் இருக்கறதை வேகமா சொல்லிடறேன். ரிப்பேருக்காகத் தூரத்துலேர்ந்து இயக்கற எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி ஆப் இருந்தா, வேலை முடிஞ்சதும் நீக்கிடுங்க. பாஸ்வேர்டு போட்டு நிரந்தரமா விட்டுவெச்சா, அந்தப் பாஸ்வேர்டு தெரிஞ்ச யாரும் எப்ப வேணா உள்ளே வரலாம். திரை முழுக்க சிவப்பா 'உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ், இந்த நம்பருக்குக் கால் பண்ணுங்க'ன்னு வந்தா, அது வெறும் விளம்பரப் பக்கம். பிரவுசரை மூடினா போச்சு. வைஃபை ரவுட்டர்ல கேபிள்காரர் வெச்சிட்டுப் போன 'அட்மின்' பாஸ்வேர்டை மாத்துங்க. 2016-ல மிராய்ங்கற மால்வேர் லட்சக்கணக்கான கருவிகளைப் பிடிச்சது இந்த மாதிரி கம்பெனி பாஸ்வேர்டுகளை வெச்சுத்தான். பாஸ்வேர்டுகளைச் சேமிக்க பிட்வார்டன், நம்ம ஊர் ஜோஹோ வால்ட் மாதிரி மேனேஜர் போதும். அது ஆகாதுன்னா நோட்டுல எழுதி பீரோவுல பூட்டி வைங்க, தப்பில்லை. மானிட்டர்ல ஒட்டறதுதான் தப்பு. மெயிலுக்குக் கண்டிப்பா ரெண்டடுக்கு சரிபார்ப்பு வேணும். 2025 ஏப்ரல்லேர்ந்து இ-வே பில் தளத்துலயே எல்லாருக்கும் அது கட்டாயம் ஆகிடுச்சு. வரிக்கணக்குக்கு இருக்கற பூட்டு மெயிலுக்கு இல்லாம இருக்கலாமா?

கடைசியா, பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சுக்கோ, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ எடுத்துட்டுப் போறீங்களா? டெலீட் பண்ணி ரீசைக்கிள் பின்னைக் காலி பண்ணினாலும் ஃபைல் அழியாது. திரும்ப எடுக்கற சாஃப்ட்வேர் இலவசமாவே கிடைக்குது. ரெண்டு தலைமுறை ஆதார், பத்திரம், வாடிக்கையாளர் நம்பர்னு எல்லாம் அந்த டிஸ்க்குல இருக்கு. விண்டோஸ்ல 'ரீசெட் திஸ் பிசி' போய், 'ரிமூவ் எவ்ரிதிங்' எடுத்து, அதுல 'கிளீன் டேட்டா' ஆப்ஷனை ஆன் பண்ணுங்க. பல மணி நேரம் ஓடும், ராத்திரி விட்டுடுங்க. அதுவும் நம்பிக்கை இல்லைன்னா ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி நீங்களே வெச்சுக்கங்க. டிஸ்க் இல்லாத மெஷினுக்குக் கடைக்காரர் கொஞ்சம் குறைச்சுத்தான் கொடுப்பார்.

பணம் போயிடுச்சுன்னா யோசிச்சிட்டு நிக்காம உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. பணம் அடுத்தடுத்த அக்கவுன்ட்டுக்குத் தாவறதுக்குள்ள சொன்னா முடக்க வாய்ப்பு இருக்கு. போன் பண்ணும்போது பணம் எந்த பேங்க்லேர்ந்து, எத்தனை மணிக்குப் போச்சு, பரிவர்த்தனை எண் என்னன்னு கேட்பாங்க. எஸ்எம்எஸ்ஸை அழிச்சிடாதீங்க.