டயாலிசிஸ் இலவசம், போன கூலிக்கு யார் பொறுப்பு?

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் டயாலிசிஸ் என்பது பொதுவான மருத்துவ நெறி. ஆண்டுக்கு 156 நாள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால், காலனியிலிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு வந்து திரும்பும் விவசாயக் கூலித் தொழிலாளிக்கு அந்த 156 நாளும் கூலி இல்லை. துணைக்கு வருபவருக்கும் இல்லை.

அதனால்தான் மூன்று முறை இரண்டாகிறது. நடவும் அறுப்பும் வந்தால் ஒன்றாகிறது. விடுபடும்போதெல்லாம் உடலில் நீரும் பொட்டாசியமும் சேர்கின்றன. மூச்சுத் திணறுகிறது, இதயமே நின்றுவிடலாம்.

ஒரு நோயாளி எவ்வளவு காலம், எப்படி வாழ்வார் என்பதை மருத்துவர்கள் சில அறிகுறிகளைக் கொண்டு கணிக்கிறார்கள். வயது, சர்க்கரை நோய், ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தின் அளவு, கையில் ஃபிஸ்டுலா இருக்கிறதா, கழுத்தில் குழாயா என்பவை அவற்றில் சில. நோயாளியின் சொல்லும் இந்தக் கணக்கில் உண்டு. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பானில் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஆய்வில், படியேற முடியவில்லை, வலியால் வேலை செய்ய முடியவில்லை என்பது போன்ற பதில்களைக் கூறியவர்களிடையே இறப்பும் அதிகமாக இருந்தது.

இந்தப் பட்டியலில் சாதி இல்லை. ஆனால், அல்புமின் குறைவதில் சத்தான உணவின்மைக்கும் பங்குண்டு. நோய் முற்றிய பின் வருபவருக்கே பெரும்பாலும் கழுத்துக் குழாய். அதில் கிருமித்தொற்று அதிகம். வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்ள, 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. அதற்குச் சுத்தமான இடம் வேண்டும். ஓரறைத் தொகுப்பு வீட்டில் அதற்கு எங்கே போவது?

கணிப்பு என்பது தலைவிதி அல்ல. எங்கே கை கொடுக்க வேண்டும் என்று காட்டும் வழி. டயாலிசிஸ் நாள்களுக்குப் பயணச் செலவும் கூலி இழப்பீடும் தர வேண்டும். ஒருவர் ஒரு முறை வராவிட்டால், மறுநாளே சுகாதாரப் பணியாளர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். பட்டியல் சாதி நோயாளிகளில் எத்தனை பேர் சிகிச்சையைப் பாதியில் விட்டார்கள் என்பதை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும்.

மாணவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பெற்றோருக்கு ஆண்டுக்கொரு முறை கிரியேட்டினின், சிறுநீர்ப் புரதப் பரிசோதனை செய்யவையுங்கள். முன்கூட்டியே தெரிந்தால், டயாலிசிஸைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட முடியும்.